காற்று குறைந்த நாளுக்கு நீளப் பலகை

சென்னைக் கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் செய்யும் நண்பர்களுக்கு,



பகல் 12 மணிக்கே பாயைக் கட்டி மணலில் படுக்கவைத்துவிட்டு, காற்று ஏறுமா ஏறுமா என்று 4 மணிவரை கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் இந்தக் காத்திருப்பைப் பல பருவங்களாகப் பார்த்துவருகிறேன். உங்களிடம் நல்ல பலகை இருக்கிறது, நல்ல பாய் இருக்கிறது, உடம்பில் தெம்பும் இருக்கிறது. ஆனாலும் கடல்காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டாத நாளில் ஒருவரும் தண்ணீரில் இறங்குவதில்லை. முழங்கால் உயர அலைகள் வரிசையாக வந்து உடைந்துகொண்டே இருக்கின்றன. பாய்கள் சுருட்டப்பட்டு வண்டிமேல் ஏறுகின்றன. பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

அந்த நாட்களுக்கென்றே ஒரு பலகை இருக்கிறது. ஏறக்குறைய 12 அடி நீளம், 200 லிட்டருக்கு மேல் கொள்ளளவு, நடுவில் நீருக்குள் செங்குத்தாக இறங்கும், காலால் ஏற்றி இறக்கும் தகடான டாகர்போர்டு. இந்த நீளப் பலகையைச் சின்ன அலையும் மெல்லிய காற்றும் உள்ள ஒரு நாளில் ஓட்டிப் பாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

"அது கற்றுக்கொள்பவர்களுக்கான பலகை, நாம் தாண்டி வந்தது" என்ற எண்ணம் நம்மில் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 1980களில் ஹவாயின் மாவி தீவிலிருந்து, குறிப்பாக ஹோகீபா கடற்கரையிலிருந்து, படங்கள் வரத் தொடங்கின. பலமான வியாபாரக் காற்று, வீட்டுயர அலை, அதன் முகட்டிலிருந்து எகிறி வானத்தில் நிற்கும் குட்டைப் பலகை. அந்தப் படங்கள் ஒரு தலைமுறையையே கவர்ந்துவிட்டன. பலகைகள் குறுகின, டாகர்போர்டு காணாமல் போனது, கடைகளிலும் அதுவே நிறைந்தது. மாவியின் காற்று எல்லா ஊரிலும் வீசுமா என்று நின்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. பலமான காற்று இருந்தால்தான் விளையாட்டு என்றானதில், மெல்லிய காற்றுள்ள ஊர்களில் எத்தனையோ பேர் இதைக் கைவிட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் பாய்ப்பலகையை அலைக்குள் முதலில் கொண்டுபோனது நீளப் பலகைதான். கலிபோர்னியாவில் விமானப் பொறியாளர் ஜிம் டிரேக்கும் அலைச்சறுக்கு ஆர்வலர் ஹோயில் ஸ்வைட்சரும் 1968இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த 'விண்ட்சர்ஃபர்' ஒரு 12 அடிப் பலகை. (பாயைக் கையில் பிடித்து நின்று ஓட்டும் பலகையை அதற்கு முன்பே செய்தவர்கள் உண்டு, பென்சில்வேனியாவின் நியூமன் டார்பி 1965இலேயே தன் பலகையைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார். யார் முதலில் செய்தது என்ற வழக்கு நீதிமன்றம்வரை போனது. அது தனிக்கதை.) அந்த 12 அடிப் பலகையை ஹவாயின் ஓவாஹு தீவில் கைலுவா விரிகுடாவுக்குக் கொண்டுபோன இளைஞர்கள், வெறுங்காலை எதிலும் மாட்டாமல், அலைமேல் ஓட்டத் தொடங்கினார்கள். பலகையில் கால்வார் பொருத்தும் யோசனை 1977 வாக்கில்தான் வந்தது. அந்தக் கைலுவாவில் வளர்ந்த ராபி நைஷ் 1976இல், 13 வயதில், உலகப் பட்டம் வென்றது இதே நீளப் பலகையில். பின்னாளில் குட்டைப் பலகையின் நாயகனாக உலகம் கொண்டாடிய மனிதரின் கால்கள் பழகியது இதில்தான்.

ஒலிம்பிக்கையும் பாருங்கள். 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் ஓடியது மிஸ்ட்ரல் ஒன் டிசைன் என்ற பலகை: நீளம் 3.72 மீட்டர், பாய் 7.4 சதுர மீட்டர், நடுவே டாகர்போர்டு. ஹாங்காங்கின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை 1996இல் லீ லாய்-ஷான் இதில் வென்றார். இஸ்ரேலின் முதல் தங்கத்தை 2004இல் கால் ஃப்ரிட்மன் வென்றதும் இதில்தான். இரண்டு கொடிகள் முதன்முறையாக உச்சியில் ஏறக் காரணமான ஒரு பலகையைத் தொடக்கநிலைப் பலகை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நம் கடலுக்கு வருவோம். பிப்ரவரி முதல் மே வரை சென்னைக்குத் தெற்கே நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று. நல்ல நாளில் அது 25 கிலோமீட்டரைத் தொடும். பல நாட்களில் 12, 15இல் நின்றுவிடும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 6.5 சதுர மீட்டர் பாயோடு 110 லிட்டர் பலகையில் பிளேனிங் செய்ய, அதாவது பலகை நீரைக் கிழிப்பதை விட்டு நீரின்மேல் வழுக்கி ஓட, ஏறத்தாழ அந்த 25 கிலோமீட்டர் காற்று வேண்டும். அதற்குக் கீழே அவர் நிலைமை என்ன? ஆள், பலகை, பாய், பாய்மரம் எல்லாம் சேர்த்து 90 கிலோவைத் தொட்டுவிடும். மிதப்பதற்கு மிச்சம் 20 லிட்டர்தான். காற்று சற்றே தளர்ந்தால் கணுக்கால்வரை தண்ணீர் ஏறும். பாய் விழுந்தால் தூக்கி நிறுத்துவதே பெரும்பாடு. அதே ஆள் 220 லிட்டர் நீளப் பலகையில் ஏறினால், எல்லா எடையும் போக 100 லிட்டருக்கு மேல் மிச்சம் இருக்கிறது. காற்று முழுக்க நின்றாலும் அவர் அப்படியே நிற்கலாம்.

மிதப்பைவிட முக்கியமானது டாகர்போர்டு. பிளேனிங் வராத குட்டைப் பலகை காற்றை எதிர்த்து ஏறாது. பக்கவாட்டில் நழுவிக்கொண்டே இருக்கும். மார்ச், ஏப்ரலில் நம் கரையோர நீரோட்டமும் வடக்கு நோக்கி ஓடுகிறது, தென்கிழக்குக் காற்றும் வடக்கே தள்ளுகிறது. கோவளத்தில் இறங்கியவர்கள் முட்டுக்காடு முகத்துவாரத்துப் பக்கம் கரையேறி, சுடுமணலில் பலகையைச் சுமந்துகொண்டு திரும்பி வருவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாகர்போர்டு இறங்கியிருந்தால் காற்றின் திசைக்கு ஏறக்குறைய 45 பாகைக் கோணம்வரை பலகை ஏறிப்போகும். இறங்கிய இடத்திலேயே திரும்பக் கரையேறலாம். கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடிய காலத்தில் நம் கடலோடிகள் நீருக்குள் செங்குத்தாக ஒரு பலகையை இறக்கி ஓட்டியது இதே தேவைக்காகத்தான். நம் கரைக்கு இது புதிய அறிவே இல்லை.

சென்ற மார்ச்சில் ஒரு பிற்பகலைச் சொல்கிறேன். காற்று 15 கிலோமீட்டர் இருக்கும். முழங்காலிலிருந்து இடுப்புவரை அலை, இரண்டு அலைகளுக்கு நடுவே நல்ல இடைவெளி. 5.7 பாய். கரையோரம் உடையும் அலையைத் தாண்டும்வரை டாகர்போர்டை ஏற்றியே வைத்திருந்தேன், ஏனென்றால் அடியில் மணல்திட்டு எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. பலகையின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும். சற்றே குறுக்கானாலும் 12 அடி நீளத்தையும் நுரை வாரிப் புரட்டிவிடும். மார்பளவு ஆழம் வந்ததும் காலால் டாகர்போர்டை மிதித்து இறக்கினேன். உடனே பலகையின் குணம் மாறியது. ஆட்டம் நின்றது. பாயில் விழுந்த காற்றெல்லாம் முன்னோக்கிய ஓட்டமாகியது. ஓசையில்லாமல், அதிர்வில்லாமல், அலைமுகடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் பலகை கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. பிளேனிங்கில் கிடைக்கும் பரபரப்பு இதில் கிடையாது. ஆனால் நீளமான பலகை நீரில் நழுவும் அந்தச் சுகம் குட்டைப் பலகைக்கு ஒருபோதும் கைவராது. காற்று ஒரு நிமிடம் ஓய்ந்தாலும் பலகை ஓய்வதில்லை. வாங்கிய வேகத்தை வைத்துக்கொண்டு அடுத்த காற்றுவரை போய்ச்சேர்கிறது.

திரும்பும்போதுதான் விஷயமே இருக்கிறது. அலைக்கு வெளியே பலகையைக் கரைப்பக்கம் திருப்பி, டாகர்போர்டை முழுவதும் ஏற்றிவிட வேண்டும். இதை மறக்கவே கூடாது. அது கீழே இருக்கும்போது அலை வேகம் கொடுத்தால், நீரின் உந்துதல் பலகையை ஒரு பக்கமாகத் தூக்கிக் கவிழ்க்கும். பின்னால் அலை எழுவதைத் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டே, பாயை இரண்டு மூன்று முறை மார்புக்கு இழுத்து வேகம் சேர்க்க வேண்டும். அலை பலகையின் வாலைத் தூக்கும் கணத்தில் ஓரடி முன்னே வைத்தால் மூக்கு சரிவில் இறங்கும், அலை நம்மைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் உடனே பின்னால் வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு நீரில் குத்தும்.

பிடித்த பிறகு நடப்பதை முதன்முறை அனுபவிப்பவர் திகைத்துப்போவார். கையிலிருக்கும் பாய் திடீரென்று எடையே இல்லாததாகிவிடுகிறது. காரணம் எளிது. ஒரு மீட்டர் ஆழத்தில் அலை ஓடும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர். பின்னாலிருந்து வரும் காற்று 15 கிலோமீட்டர். நாம் அலையோடு ஓடும்போது பாய்க்கு மிஞ்சுவது 4 கிலோமீட்டர் காற்றுதான். பாய் இனி நம்மை இழுப்பதில்லை, அலைதான் தள்ளுகிறது. கையில் இருப்பது சமநிலைக்கான ஒரு பிடி மட்டுமே. திசையைக் கால்கள் தீர்மானிக்கின்றன. குட்டைப் பலகையோ இந்தச் சின்ன அலையின் தள்ளுதலுக்கு எழவே எழாது. நீளப் பலகை முழங்கால் உயர அலையையும் விடாமல் பிடிக்கும். அலைச்சறுக்கில் நீளப் பலகை ஓட்டும் நம் கோவளத்துப் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். சின்ன அலை நாளில் அவர்களும் நீளப் பலகையைத்தானே எடுக்கிறார்கள்!

குட்டைப் பலகையில் பழகிய கால்கள் இதில் சட்டென்று வெட்டித் திருப்பப் பார்க்கும். அதற்கு இந்தப் பலகை இசையாது. அலையின் முகத்தில் குறுக்காக நீண்ட ஒரு கோட்டை எடுத்து, உடையும் இடத்துக்குச் சற்று முன்னே ஓடுவதுதான் இதன் வழி. வேகம் வேண்டுமானால் முன்னே நடக்கலாம், நிதானம் வேண்டுமானால் பின்னே நடக்கலாம். பலகையின்மேல் நடப்பது என்பது குட்டைப் பலகையில் இல்லவே இல்லாத ஒரு கலை. பாய் பிடித்த கையோடு பாதத்தைக் குறுக்கே வைத்து முன்னேறப் பழகியபோது, இத்தனை ஆண்டு ஓட்டியும் நான் தொடாத ஒரு பாதி இந்த விளையாட்டில் இருக்கிறது என்று தெரிந்தது. மெல்லிய காற்றில் பாயைச் சுழற்றுவது, பின்பக்கமாக நின்று ஓட்டுவது, வாலை அமிழ்த்திப் பலகையை ஒரே இடத்தில் திருப்புவது என்று கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. பலமான காற்றில் இவற்றைப் பழக நேரம் கிடைக்காது. எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும்.

பாயைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று குறைவு என்பதால் 8 சதுர மீட்டர் பாயைக் கட்டத் தோன்றும். தட்டையான நீரில் அது சரி, அலையில் சரியில்லை. பெரிய பாயின் எடை அலையில் நம்மைத் தடுமாற வைக்கும். விழுந்தால் நீரில் ஊறிய அந்தத் துணியைத் தூக்குவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். 5.5 முதல் 6.5 வரை போதும். கீழிழுப்புக் கயிற்றையும் கையில் பிடிக்கும் பூம் தண்டின் கடைசியிலுள்ள கயிற்றையும் சற்றுத் தளர்த்தி, பாய்க்கு நல்ல வயிறு கொடுங்கள்.

இதன் குறைகளையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. நீளப் பலகையைத் தனியாகச் சுமப்பது சிரமம். இப்போது வருபவை 15 கிலோ அளவில் இருக்கின்றன, பழைய பாலிஎத்திலீன் பலகைகள் அதைவிடக் கனம். காற்று 30 கிலோமீட்டரைத் தாண்டினால் ஓட்டம் முரடாகிவிடும். தலை உயர அலையில் இதைக் கொண்டுபோவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வடகிழக்குப் பருவத்தின் கொந்தளிப்பில் இந்த நீளம் ஆபத்தானது. அந்த நாட்களுக்கு உங்கள் குட்டைப் பலகையே சரி. அதை விற்றுவிடும்படி நான் சொல்லவில்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சில சொல்ல வேண்டும். காலை நேரத்தில், முக்கியமாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, நம் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்றுக் காலம் அது. கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், அலையும் சின்னதாக அழகாக இருக்கும், பார்த்தால் நீளப் பலகைக்கென்றே படைத்ததுபோலத் தோன்றும். அப்போது இறங்காதீர்கள். உள்ளே போகப்போகக் காற்று ஏறும். திரும்பும் வழி முழுக்க எதிர்க்காற்று. கடல்காற்று நிலைபெற்று ஒரு மணி நேரமாவது ஆனபிறகு இறங்குவதே முறை.

அடுத்தது, பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் மூட்டு. நம் வெயிலிலும் உப்பிலும் அதிலுள்ள ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும். ஒவ்வொரு முறையும் வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். கடலில் அது அறுந்தால் பாய் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். அப்படி நேர்ந்தால் பலகையை விட்டு நீந்தவே கூடாது. நீளப் பலகையின் இன்னொரு நன்மை அங்கே தெரியும்: குப்புறப் படுத்துக் கைகளால் துடுப்புப் போட்டே கரைக்கு வந்துவிடலாம். அலைக்குள் விழுந்தால் எப்போதும் பலகைக்குக் கடல்பக்கமாக இருங்கள். பலகைக்கும் கரைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால், 15 கிலோ பலகையை அலை நம்மேல் வீசும்.

நாம் இறங்கும் கரை மீனவர்களின் வேலைத்தளம். படகு கரையேறும் நேரத்தில் அவர்கள் வழியில் நிற்கக் கூடாது. வலை போட்டிருக்கும் மிதவைகளுக்கு அருகே டாகர்போர்டை இறக்கிக்கொண்டு போனால் சிக்குவது உறுதி. அறுபடுவது ஒருவரின் அன்றைய சாப்பாடு. இறங்குவதற்கு முன் அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம், "அண்ணே, இன்னைக்கு நீரோட்டம் எப்படி இருக்கு, வலை எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். கைபேசிச் செயலி சொல்வதைவிடத் துல்லியமான பதில் கிடைக்கும். பாயையும் பலகையையும் பார்த்து அவர்கள் காட்டும் ஆர்வமும் உண்மையானது. பாய் கட்டிப் போன காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் குப்பங்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என் பாயின் வயிற்றைப் பார்த்து, கயிற்றை எங்கே தளர்த்த வேண்டும் என்று சொன்னார். சரியாகவே இருந்தது.

ஆளுக்கொரு நீளப் பலகை வாங்க வேண்டியதில்லை என்பதும் என் கட்சி. விலை அதிகம், வைக்க இடமும் வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும். பழைய படகுக் குழாம்களின் கொட்டகைகளில் டாகர்போர்டு உள்ள பலகைகள் தூசி படிந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். டாகர்போர்டு நுழையும் பிளவின் ரப்பர் இதழ்கள் கிழிந்திருக்கும், உள்ளே மணல் இறுகியிருக்கும். இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரிசெய்துவிடலாம். கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதைக் கேட்கிறேன். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் எவ்வளவு உயரம் போயிருக்கிறார்கள் என்று நாடே பார்க்கிறது. பாய்ப்பலகைப் பக்கம் அவர்கள் அவ்வளவாக வரவில்லை. விலை ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, நாம் இதைப் பலமான காற்றுக்கான விளையாட்டாகக் காட்டிவிட்டதுதான் என்று எனக்குப் படுகிறது. நாள் முழுக்கக் காத்திருந்து அரைமணி நேரம் ஓட்டும் ஒன்றில் ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ என்ன பிடிப்பு வரும்? நீளப் பலகை கரையில் கிடந்தால், பள்ளி விட்டு வந்து, இருக்கிற காற்றில் ஏறி நிற்கலாம். அலையை அவர்கள் ஏற்கனவே படித்திருக்கிறார்கள். பாயை மட்டும்தான் படிக்க வேண்டும். நம்மைவிட வேகமாகக் கற்பார்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

பிப்ரவரியில் கடல் அடங்கியதும் கோவளத்துக்கு நீளப் பலகையைக் கொண்டுவருகிறேன். மதியம் 2 மணிக்கு மேல், காற்று மெல்லியதாக இருக்கும் எந்த ஞாயிறானாலும் வாருங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டுவோம். உயிர்காப்புச் சட்டை அவரவர் கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் பலகையைத் தரமாட்டேன். கால்வார் பலகையில் இல்லை, ஹார்னஸும் தேவைப்படாது. 5.7 பாய் என்னிடம் இருக்கிறது. எடை குறைந்தவர்களுக்கு ஏற்ற 4.5 பாய் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள், பிள்ளைகளுக்கு உதவும்.

அன்புடன்,
கோவளத்துக் கரையிலிருந்து உங்களில் ஒருவன்